ஊர் கொடுத்த தோட்டாக்கள்

டாமரக் கிரீக்,
மேல் மிச்சிகன்.
நவம்பர் 2021, நன்றித் திருநாளுக்கு மறுநாள்.

என் ரஸ்ஸலுக்கு,

மார்னி எழுதுவது. நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை. நீ சாப்பிடுகிறாய் என்றும், புதுச் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நடைவழியின் கோடி வரை போய்வருகிறாய் என்றும் அங்கே மறுவாழ்வு மருத்துவமனையில் உன்னைக் கவனித்துக்கொள்ளும் ஜோயென் சொன்னாள். போனை நீ எடுப்பதில்லை. கடிதமாக எழுதினால் உன் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னாள். 'மடியில கெடக்குற காகிதத்தப் படிக்காம எந்த ஆம்பளையாலயும் இருக்க முடியாது' என்றாள். அவளை நம்பித்தான் எழுதுகிறேன்.

இங்கே பனி முழங்காலைத் தொட்டுவிட்டது. உன் கூட்டாளிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வந்து, குளிர்காலம் முழுவதற்கும் விறகு பிளந்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காபி மட்டும் குடித்தார்கள். உன்னைப் பற்றி யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் போகும்போது ஒவ்வொருவனும் உன் லாரியின் முன்பக்கத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். மகள் டெஸ்ஸா தேர்வு முடிந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். நீ இருப்பாயா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி என்று எழுத வந்தேன். பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன். விஷயம் இதுதான். இந்த வருஷம் மான் வேட்டைக்கு நான் போனேன். உன் துப்பாக்கியோடு, உன் இடத்தில் உட்கார்ந்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் நீயாகவே போன் செய்தாயே, நினைவிருக்கிறதா? ஜூலையில் மரக்கட்டைகள் லாரியிலிருந்து சரிந்து உன் மேல் விழுந்து, கால் போன பிறகு நீயாகப் போன் செய்தது அன்றுதான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் நீ கேட்டது ஒன்றே ஒன்று. துப்பாக்கி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா, தோட்டாப் பெட்டி மேஜை டிராயரில்தான் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். டெஸ்ஸாவைப் பற்றிச் சொன்னேன், கேட்டுக்கொள்ளாமல் மறுபடி அதையே கேட்டாய். போனை வைப்பதற்கு முன் இன்னொரு தடவை கேட்டாய். வேட்டைக்கு ஆசைப்படுகிறவன் குரல் எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக ஒவ்வொரு நவம்பரிலும் கேட்டிருக்கிறேனே. அது அந்தக் குரல் இல்லை.

போனை வைத்ததும் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் அக்கா டார்லா வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டினாள். தோட்டாக்களை அவளிடம் கொடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் காரை நிறுத்தி அத்தனையையும் தண்ணீரில் கொட்டினேன். பெட்டியும் சேர்ந்து விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பா அதில் மான் சுட்டார். நீ சுட்டாய். டெஸ்ஸா பிறந்த வருஷம் நாம் சாப்பிட்டதெல்லாம் அது கொண்டுவந்த கறிதான். அப்படிப்பட்ட சாமான் நம் வீட்டில் ஒரு பயமாக மட்டுமே மிஞ்சிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இனி அந்த இடத்தில் உட்கார ஆள் இல்லை என்று நீ டார்லாவிடம் சொன்னாயாம். அவள் அதை என்னிடம் சொன்ன அன்று, நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

லைசென்ஸ் எடுப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. வேட்டைப் பாடத்தைத்தான் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரோடும் சேர்ந்து படித்தேனே, அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் காட்டுக்குப் போகவில்லை என்பதுதான் குறை. கஷ்டம் தோட்டாவில் வந்தது. வெய்க்கோ கடைக்குப் போய், உன் துப்பாக்கிக்குப் போடும் முப்பது முப்பது ரகத் தோட்டா ஒரு பெட்டி வேண்டும் என்றேன். கிழவர் சிரித்தார். 'அந்த அலமாரியப் பாரு பொண்ணே. எலி நடந்தாக்கூடச் சத்தம் கேக்கும், அவ்ளோ காலி. நோய் வந்தப்போ கக்கூஸ் பேப்பர அடுக்கி வச்ச அதே ஜனங்க தோட்டாவையும் அடுக்கி வச்சிட்டாங்க. எப்ப வரும்னு கம்பெனிக்காரனுக்கே தெரியல' என்றார்.

டார்லாவின் கணவர் கோர்டியும் அங்கேதான் நின்றிருந்தார். போன வருஷம் வாங்கினாரே புதுத் துப்பாக்கி, ஆறரை மில்லிமீட்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அதற்கும் ஒரு தோட்டாகூடக் கிடைக்கவில்லை. 'ஐநூறு கெஜத்துல தட்டத் தொளைக்கும், தெரியுமா?' என்று அங்கேயும் ஆரம்பித்தார். டார்லா விடவில்லை. 'நீ உக்கார்ற சதுப்புக் காட்டுல அம்பது கெஜத்துக்கு அந்தாண்ட என்னய்யா தெரியுது? மரந்தான் தெரியுது. மரத்தயா சுடப்போற?' என்றாள். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கோர்டியும் சிரித்துவிட்டார். ஜூலைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்ததும் உன்னை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வெய்க்கோ யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். 'கோர்டியோடது கெடைக்காது. அது நேத்துப் பொறந்தது, எவன் வீட்டுலயும் மிச்சம் இருக்காது. ஆனா முப்பது முப்பது இல்லாத வீடு இந்த ஊர்ல ஏது? போய் ஒவ்வொரு வீட்டு டிராயரையும் தெறக்கச் சொல்லு' என்றார். எதனால் இதை எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உன்னிடம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. அவர் சொன்னார்: 'இதுக்குப் பெரிய வீராப்பெல்லாம் கெடையாது. ரொம்பத் தூரம் போகாது. சுட்டா தோளயும் பேத்தெடுக்காது. நம்ம காட்டுல கண்ணுக்குத் தெரியற தூரத்துக்கு, நாம திங்கற மானுக்கு, இது போதும். எங்க தாத்தா காலத்துலயும் போதுமா இருந்துச்சு. அதுக்கப்புறம் வருஷத்துக்கொண்ணு புதுசா வந்து, இதுதான் உசத்தின்னுச்சு. பாதிக்குப் பேரே எனக்கு மறந்துபோச்சு.'

நான் வீடு வீடாகப் போகவே வேண்டியிருக்கவில்லை, ரஸ்ஸல். வெய்க்கோ ஊரில் சொல்லிவிட்டிருந்தார், அடுத்த ஞாயிறு சர்ச்சில் காபி நேரத்தில் அவர்களே வந்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் லெஸ்டர் ஒரு மருந்துப் புட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். ஒருவர் கையுறைக்குள் வைத்திருந்தார். நமக்கும் அவர்களுக்கும் வேலித் தகராறு இருக்கிறதே, அந்த வீட்டுக்காரர்கூட என் காரின் இருக்கையில் இரண்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். விதவிதமான கம்பெனி, விதவிதமான வயசு. சிலது பளபளவென்று, சிலது பழைய செம்புப் பாத்திரம் மாதிரி கறுத்துப்போய். எல்லாவற்றுக்கும் அந்த மொட்டை மூக்கு மட்டும் ஒன்றுபோல.

இர்யா அம்மாள் கடைசியாக வந்தாள். அவள் கணவர் அர்வோவின் சிவப்புக் கம்பளிச் சட்டை அவர் இறந்த நாளிலிருந்து கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது, நீயும் பார்த்திருப்பாய். 'அவரு போனதுக்கப்பறம் அந்தப் பைக்குள்ள நான் கைய விட்டதே இல்லடி. நீ கேட்டேன்னு இன்னிக்குத்தான் விட்டேன்' என்றாள். உள்ளங்கையில் நாலு தோட்டாவும் ஒரு இருமல் மிட்டாயும் இருந்தன. தோட்டாக்களை என்னிடம் கொடுத்தாள். மிட்டாயை மறுபடி மூடிப் பிடித்துக்கொண்டாள்.

எதற்கு எனக்கு இதெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை. உன் டிராயரில் இருந்த பெட்டி என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பச்சைக் களிம்பு பூத்த தோட்டாக்களை டார்லா தள்ளி வைத்தாள். மிச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மணல் குழிக்குப் போய்க் காகிதத் தட்டை நிறுத்திச் சுடப் பழகினேன். முதல் வெடியில் கண்ணை மூடிவிட்டேன். 'கண்ண மூடிக்கிட்டு சுட்டா மான் என்ன கைதட்டுமா?' என்றாள் டார்லா. வெய்க்கோ சொன்னது சரி, தோளை அது அவ்வளவாக உதைக்கவில்லை. மூன்றாவது நாள் தட்டை விட்டுக் குண்டு வெளியே போகவில்லை. கோர்டியும் கடைசியில் பரணிலிருந்து அவர் அப்பாவின் பழைய முப்பது முப்பதைத் துடைத்து எடுத்துவந்து, தனக்கும் கொஞ்சம் தோட்டா கொடு என்று நின்றார். 'மொதல்ல அவளுக்கு. மிச்சமிருந்தா ஒனக்கு' என்றாள் உன் அக்கா.

சீசன் தொடங்கிய அன்று விடியும் முன் காட்டில் உன் வேட்டை மரக்குடிசையில் போய் உட்கார்ந்தேன். டார்லாவும் கோர்டியும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். துப்பாக்கிக்குள் ஒவ்வொன்றாகத் தோட்டாவைத் தள்ளும்போது, இது இர்யாவுடையது, இது லெஸ்டருடையது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் இரண்டு பெண் மான்கள் வந்து தேவதாரு இலையைக் கடித்துவிட்டுப் போயின. அடுத்த நாட்களில் அதுவும் இல்லை. குளிர் காலிலிருந்து ஏறி ஏறிப் பல் வரை வந்தது. ஆனால் எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. ஒன்றும் நடக்காத ஒரு காட்டை இவ்வளவு நேரம் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

வார இறுதியில் அது வந்தது. ஆறு கிளைக் கொம்பு. நிலத்தை மோந்துகொண்டே சதுப்பின் ஓரமாக நடந்து வந்து, நம் வீட்டிலிருந்து விறகுக் கொட்டகை இருக்கிற தூரத்தில் நின்றது. மெதுவாகத் துப்பாக்கியை உயர்த்திக் குறி வைத்தேன். விசையை அழுத்தும் நேரத்தில் அது ஓரடி முன்னால் எடுத்து வைத்துவிட்டது. வெடித்தது. மான் வளைந்து துள்ளிக் காட்டுக்குள் ஓடியது.

சத்தம் கேட்டு டார்லாவும் கோர்டியும் வந்தார்கள். பனியில் இருந்த ரத்தத்தை டார்லா விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். கறுப்பாக இருந்தது. 'கொடல்ல பட்டிருக்கு மார்னி. இப்பத் தொரத்துனா நிக்காம ஓடும். படுக்க விடணும்' என்றாள். கோர்டி மேலே காட்டினார். பனி விழ ஆரம்பித்திருந்தது. 'காத்திருந்தா தடமெல்லாம் மூடிரும். இப்பவே போவோம்' என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சுட்டவள் நான். முடிவும் நான்தான் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. காத்திருப்போம் என்றேன். சொல்லிவிட்டு, விழுகிற ஒவ்வொரு பனித்துளியையும் பார்த்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றேன். அதைவிட நீளமான காத்திருப்பு எனக்கு இந்த ஜூலையில் மருத்துவமனை வாசலில்தான் இருந்தது.

உள்ளே போனபோது தடம் மூடியிருந்தது. தேவதாருக்களின் அடியில் மட்டும் பனி இறங்கவில்லை. அங்கேயெல்லாம் முட்டிபோட்டு ஊர்ந்து தேடினோம். ஓரிடத்தில் அது படுத்து எழுந்திருந்த பள்ளம் இருந்தது, இன்னும் சூடாக. அதற்கப்புறம் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. வெளிச்சம் சாயத் தொடங்கியதும் கோர்டி மெதுவாக, 'விட்டுரும்மா. எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். ராத்திரி நரிங்க பாத்துக்கும்' என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'அதக் காயப்படுத்துனது நான். அது எங்கயோ தனியாக் கெடந்து செத்துக்கிட்டிருக்கு. நீங்க போங்க, நான் வரல' என்று கத்திவிட்டேன். ஊரில் யாரும் நான் கத்திக் கேட்டதில்லை. இருவரும் மறுபடி முட்டிபோட்டார்கள்.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் வேருக்குப் பின்னால் கிடைத்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. கோர்டி துப்பாக்கியை உயர்த்தினார். டார்லா அவர் கையைப் பிடித்து இறக்கினாள். நான் லீவரை இழுத்துத் தோட்டாவை ஏற்றினேன். அது யாருடையது என்று அப்போது நான் நினைக்கவில்லை. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

பிறகு பனியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்தேன். நன்றி சொன்னேனா, மன்னிப்புக் கேட்டேனா, எனக்கே தெரியாது. கோர்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து டார்லா கத்தியை என் பக்கம் நீட்டினாள். பாதி நான் அறுத்தேன், பாதி அவள். மூவருமாகக் கயிறு கட்டிச் சாலைக்கு இழுத்து வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சௌனாவின் அடுப்பை மூட்டி, அந்த நீராவி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். டெஸ்ஸா போனில் எப்படி இருந்தது என்று கேட்டாள். 'ஒண்ணுமில்ல' என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. சொன்ன பிறகுதான் அது உன் வார்த்தை என்று தெரிந்தது. மான் கிடைத்த அன்றெல்லாம் நீ இப்படித்தான் சௌனாவில் போய் உட்கார்ந்துகொண்டு, கேட்டால் ஒண்ணுமில்ல என்பாய். கல்யாணமான புதிதில் அதற்காக எத்தனை தடவை உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். சந்தோஷமான நாளில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாயே என்று திட்டியிருக்கிறேன். இப்போது தெரிகிறது.

ஆனால் ரஸ்ஸல், அந்த மௌனத்தை உள்ளிருந்து பார்த்துவிட்டதால்தான் சொல்கிறேன். ஜூலையிலிருந்து நீ இருக்கிற மௌனம் அது இல்லை. அதில் நீ மானோடு இருந்தாய், காட்டோடு இருந்தாய், கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. இதில் நீ தனியாக இருக்கிறாய். இரண்டையும் எனக்கு இப்போது பிரித்துப் பார்க்கத் தெரியும். அதனால் ஒண்ணுமில்ல என்று இனி என்னிடம் சொல்லாதே. அங்கே உன்னோடு பேசுவதற்கென்றே வரும் அந்த டாக்டர் அம்மாவிடமும் சொல்லாதே. இருப்பதை இருக்கிறபடியே அவளிடம் சொல். என்னிடம் சொல்ல முடியாததையும் அவளிடம் சொல். நீ என்னிடம் சொல்லும்போது நான் அழமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி டார்லா வீட்டில் பூட்டியாயிற்று. மீந்த தோட்டாக்கள் வெய்க்கோவிடம். நீ வந்த பிறகும் அவை அங்கேயேதான் இருக்கும். கோபப்படு, பரவாயில்லை. நீயும் நானும் சேர்ந்து போய்க் கேட்டால்தான் கொடுப்பேன் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள், நானும் சரி என்றுவிட்டேன்.

கறியைப் பொட்டலம் கட்டித் தோட்டா கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒன்று அனுப்பினேன். வேலித் தகராறுக்காரர் வீட்டுக்கும்தான். அவர் மனைவி உள்ளே கறி வைத்த பாஸ்டி அப்பம் ஒன்று சுட்டுத் திருப்பி அனுப்பினாள். பின்வாசல் படிக்கு மேல் கோர்டி சரிவுப் பலகை போட்டுவிட்டார். சௌனாவிலும் உனக்கு ஏற்ற உயரத்தில் ஒரு பெஞ்சை இறக்கி அடித்திருக்கிறார். அளவு சரியா என்று தெரியவில்லை, நீ வந்து உட்கார்ந்து திட்டினால்தான் அவருக்குத் திருப்தி.

டிசம்பரில் உன்னை அனுப்பத் தயார் என்றும், நீதான் தேதி சொல்லாமல் இருக்கிறாய் என்றும் ஜோயென் சொன்னாள். இதுவரை உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் டார்லாதான் கார் ஓட்டினாள். வழியில் ஏரிக்கு மேலே போகும் அந்தப் பெரிய பாலத்தில் கீழே தண்ணீரைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும், உனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் தனியாக வருகிறேன். காற்று அடித்தாலும், பனி கொட்டினாலும், ஊர்ந்தாவது அதைக் கடந்து வந்துவிடுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் திரும்பும்போது இன்னும் நன்றாக ஓட்டுவேன்.

ஒரு தேதி சொல், ரஸ்ஸல். எந்தத் தேதியானாலும் சரி. உனக்குப் போன் எடுக்க முடியாவிட்டால் ஜோயெனிடம் சொல்லி அனுப்பு. கடவுள் உன்னை ஒவ்வொரு காலையும் கண் விழிக்க வைக்கட்டும். அதற்கு மேல் இப்போது நான் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

உன்,
மார்னி